அறுபது ஓர்லோங் சேறு

1800ஆம் ஆண்டு சர் ஜார்ஜ் லீத் துரை கெடா சுல்தானோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில், கோலா மூடா தொடங்கி கோலா கிரியான் வரைக்கும், கடலோரத்திலிருந்து உள்ளே அறுபது ஓர்லோங் அகலத்துக்கு உள்ள நிலமெல்லாம் இனி கிழக்கிந்தியக் கும்பெனிக்கு. ஓர்லோங் என்றால் 80 கஜம். அறுபதால் பெருக்கினால் 4,800 கஜம். நாலரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறையும். இரு தரப்பு ஆட்களும் கூட நின்று அளக்க வேண்டும் என்று நிபந்தனைகூட இருந்தது. எல்லாம் சரி. கடலோரம் என்பது காலை ஏழு மணிக் கடலோரமா, மத்தியானம் ஒரு மணிக் கடலோரமா என்று மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

பிறை ஆறு கடலில் விழும் இடத்துக்கு வடகரையில் இருக்கிறது பாகான் டாலாம். லீத் துரை காலத்தில் இந்தக் கரை அலையாத்திக் காடும் சேறும். நீர் ஏறினால் கடல், வற்றினால் நிலம். நாளுக்கு இரண்டு முறை கும்பெனியின் சொத்து விரியும், சுருங்கும். நீர் ஏறிய நேரத்தில் சங்கிலி பிடித்தால் எல்லைக்கல் உள்ளே தள்ளிப்போய் விழும். வற்றிய நேரத்தில் பிடித்தால் சுல்தானுக்கு லாபம். அறுபது ஓர்லோங் எங்கே முடிகிறது என்பது கும்பெனிக் கணக்கரைவிட அங்கே வளை தோண்டிய நண்டுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ஓர்லோங்கின் தம்பி ரெலோங் இன்னும் நம் வயல்காட்டில் உயிரோடு இருக்கிறார். ஆனால் கெடாவின் ஒரு ரெலோங் நிலம், பினாங்கின் ஒரு ஓர்லோங் நிலத்தில் பாதியைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். எல்லைத் தகராறுக்கு வேண்டிய எல்லா வசதியும் அளவுகோலுக்குள்ளேயே இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீவுக்கும் சேற்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ஸ்பானிய வெள்ளி. வாங்கிய சேற்றுக்குப் பெயர் வேண்டுமே. கல்கத்தாவில் உட்கார்ந்திருந்த கவர்னர் ஜெனரல் ரிச்சர்ட் வெல்லஸ்லி பெயரை வைத்து ‘பிராவின்ஸ் வெல்லஸ்லி’ என்றார்கள். அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அவருடைய தம்பி ஆர்தர், பின்னாளில் நெப்போலியனைத் தோற்கடித்த அதே ஆர்தர், 1797இல் மணிலாமேல் படையெடுக்கிறேன் என்று கிளம்பி, பினாங்கு வரை வந்து, திரும்பிப் போனவர். வந்தவர் தம்பி, பெயர் அண்ணனுக்கு. அரசாங்க உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

இதெல்லாம் இப்போது எதற்கு? சாலை போடுகிறவர்களுக்கு இந்தச் சேறு வேடிக்கைப் பொருள் இல்லை. பட்டர்வொர்த், பிறை கரையோரத்தில் மேலே தார் மினுங்கினாலும் அடியில் கடல் களிமண். மேலே பாரம் ஏற்றினால் சாவகாசமாக, வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போகும். அதனால் ஒரு சாலைத் தடம் முடிவானதும் பொறியாளர்கள் பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பார்கள். எங்கே பழைய ஆற்று வாய்க்கால் ஓடியது, எங்கே சதுப்பு இருந்தது, எங்கே ஈயம் உருக்கிய கசடு கொட்டினார்கள், எங்கே யாரைப் புதைத்தார்கள் என்பதெல்லாம் தாளில் தெரியும். தெரியாமல் தோண்டினால் யாருடைய தாத்தாவாவது எழுந்து வருவார். நான் பொறியாளன் இல்லை. ஆனாலும் பேரித் துறையிலிருந்து பாகான் டாலாம் வழியாக பிறை ஆற்றங்கரை வரைக்கும் அந்த வேலையைச் சும்மா செய்து பார்த்தேன். தாள்களை விரிக்க விரிக்க, நிலத்தைவிட வரைந்த துரைமார்களின் குணம்தான் அதிகம் தெரிந்தது. அவரவருக்கு எதில் காசு வருமோ அதை மட்டும் பொறுப்பாக வரைந்திருக்கிறார்கள்.

பழைய படத்தை இன்றைய படத்தோடு பொருத்த, இரண்டிலும் நகராத சில புள்ளிகள் வேண்டும். தஞ்சோங் பக்கம், அதாவது ஜார்ஜ் டவுனில், கவலையே இல்லை. கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கிறது. நிலம் கிடைத்த 1801 முதல் அசையாத கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. 1833இல் எழுந்த குயின் தெரு மகாமாரியம்மன் இருக்கிறாள். கவர்னர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். ஆத்தா ஓர் அங்குலம் அசையவில்லை. இங்கே எதிர்க்கரையில் ஆறு நகர்கிறது, கரை நகர்கிறது, துறைமுகம் கடலைத் தின்று வளர்கிறது. ஒரு தாளில் மீன்பிடிப் படகு நின்ற இடத்தில் அடுத்த தாளில் கொள்கலன் லோரி நிற்கிறது. கடல் அதே கடல்தானா என்றே சந்தேகம் வருகிறது.

முதலில் கையில் எடுப்பது 1798ஆம் ஆண்டின் ஜார்ஜ் டவுன் படம். வரைந்தவர் ஹோம் ரிக்ஸ் போப்பாம், கடற்படை அதிகாரி. சொந்த வியாபாரமும் பார்த்தவர். கும்பெனியின் ஏகபோகத்தை மீறிச் சரக்கேற்றி வந்ததற்காக 1793இல் அவர் கப்பல் ‘எத்ரூஸ்கோ’வைச் சொந்த நாட்டுக் கடற்படையே மடக்கிப் பிடித்தது. இதே மனிதர் பிற்பாடு கொடிகளால் சேதி சொல்லும் முறையொன்றை உண்டாக்கினார். டிரஃபால்கர் சண்டையில் நெல்சன் கொடியேற்றிச் சேதி சொன்னது அதைக் கொண்டுதான். பிறகு யாரையும் கேட்காமல் புவனோஸ் ஐரிஸைப் பிடிக்கப் போய் ராணுவ விசாரணையில் திட்டு வாங்கினார். இப்படிப்பட்ட ஆள்தான் பினாங்கின் தெற்குக் கால்வாயில் பெரிய கப்பல் போகலாம் என்று அளந்து காட்டியவர். சரக்கோடு அவசரமாகக் கிளம்புகிறவனுக்கு இரண்டாவது வாசல் எவ்வளவு முக்கியம் என்பது அவருக்குத் தெரியாதா?

அந்தக் காலத்துக் கடற்படங்களைப் பார்த்தால் கடல் முழுக்க எண்களாக இருக்கும். எத்தனை பாகம் ஆழம், அடியில் மணலா சேறா, நங்கூரம் பிடிக்குமா, எல்லாம் இருக்கும். கரைக்கு வந்ததும் பேனாவுக்கு அலுப்புத் தட்டிவிடும். நாலு மரம், ஒரு குன்று, அதற்குப்பின் வெறும் தாள். அந்த வெறும் தாளில் ஆட்கள் குடியிருந்தார்கள், மீன் காயவைத்தார்கள், நிப்பா ஓலை முடைந்தார்கள், பிள்ளை பெற்றார்கள். கப்பல் தரை தட்டும் அபாயம் அவர்களால் இல்லை என்பதால் படத்தில் இடமில்லை.

ஊரைப் பொறுத்தவரை போப்பாம் தாராளம். லைட் தெரு, பிட் தெரு, கடற்கரைத் தெரு என்று கோடு கோடாகப் போட்டிருக்கிறார். பிரான்சிஸ் லைட் 1786இல் வந்திறங்கியபோது அதெல்லாம் காடு. மரம் வெட்ட ஆள் முன்வராததால் பீரங்கியில் வெள்ளிக்காசைத் திணித்துக் காட்டுக்குள் சுட்டாராம், காசு பொறுக்கப் போனவர்கள் வழியெல்லாம் வெட்டிக்கொண்டே போனார்களாம். கதைதான். ஆனால் பிற்பாடு இந்தத் தீவில் நிலம் விற்ற அத்தனை பேரும் இதே முறையைத்தான் கொஞ்சம் கண்ணியமாகக் கையாண்டார்கள். சூலியா தெருவுக்கு அப்போது மலபார் தெரு என்று பெயர். பரங்கிப்பேட்டை, நாகூர்ப் பக்கத்திலிருந்து, கிழக்குக் கரையிலிருந்து வந்த மனிதர்களின் தெருவுக்கு மேற்குக் கரையின் பெயர். துரைக்கு இந்தியாவில் எந்தக் கரை எந்தப் பக்கம் என்பதெல்லாம் சில்லறை விஷயம். சோழமண்டலக் கரையிலிருந்து ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேர் வரை கப்பலில் வந்து, கிடைத்த வேலையைச் செய்து, நாலு காசு சேர்த்துத் திரும்புகிறார்கள் என்று லைட்டே எழுதியிருக்கிறார். எண்ணிக்கை மட்டும் சரியாக எடுத்திருக்கிறார். அவர்கள் வந்துபோவதில் துறைமுகத்துக்கு வருமானம் இருந்ததே.

அந்தப் படத்தில் கடற்கரைத் தெரு நிஜமாகவே கடற்கரையில் இருக்கிறது. இன்று அங்கே நின்று அலையைத் தேடினால் வங்கிகள்தான் தெரியும். 1880களில் கவர்னர் வெல்ட் காலத்தில் கடலைத் தூர்த்து, புதுக் கரை போட்டு, அவர் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். கடற்கரைத் தெரு அப்படியே உள்நாட்டுத் தெருவாகிவிட்டது. பெயர் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, அல்லது பலகைக்குக் காசு இல்லை.

கடலைத் தாண்டி நம் கரைக்கு வருவோம். இங்கே முதல் தாளுக்கும் முன்னால் ஒரு சண்டை நடந்திருக்கிறது. கெடா சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுத்தது சும்மா இல்லை. சயாம்காரன் வந்தால் கும்பெனி துப்பாக்கி தூக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். லைட் மண்டையை ஆட்டிவிட்டு இறங்கிக் கொடியேற்றிவிட்டார். கல்கத்தா ‘முடியாது’ என்றது. ஐந்து வருடம் ‘இதோ வருகிறது, அதோ வருகிறது’ என்று சுல்தானுக்குச் சாக்குச் சொன்ன கடிதங்களை அடுக்கினால் பிறை ஆற்றுக்குப் பாலமே கட்டியிருக்கலாம். பொறுமை போன சுல்தான் பிறை ஆற்று முகத்தில் படை திரட்டிக் கோட்டை கட்டினார். 1791 ஏப்ரல் 12 அன்று விடியுமுன் லைட் படகில் ஆட்களை அனுப்பி அந்தக் கோட்டைகளை அடித்தார். முடிவில் ஆண்டுக்கு 6,000 வெள்ளி என்று படிந்தது. தீவைக் கொடுத்தவர் கோட்டையையும் இழந்து, பாதுகாப்பும் கிடைக்காமல், வாடகை ரசீதோடு வீடு திரும்பினார். சயாம்காரன் 1821இல் வரத்தான் செய்தான். கெடாவிலிருந்து மக்கள் ஆயிரக்கணக்கில் இந்தச் சேற்றுக் கரைக்குத் தப்பி ஓடிவந்தார்கள். அறுபது ஓர்லோங்கில் முதன்முதலாகக் கூட்டம் சேர்ந்தது அப்போதுதான்.

இதே காலத்தில் நம் ஊர்ப் பக்கம் நிலம் அளந்த அழகையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பினாங்குக்காரர்கள்தான் மோசம் என்று ஆகிவிடும். 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலையடியில் ஏழரை மைல் நீளத்துக்கு ஆதாரக்கோடு போட்டு இந்தியாவையே முக்கோண முக்கோணமாக அளக்கத் தொடங்கினார். அவருக்குப் பரிந்து பேசியவர்களில் நம் மணிலா ஆர்தரும் ஒருவர். கோணம் அளக்கும் கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். எதிரி பத்திரமாகத் திருப்பித் தந்த கருவியை லாம்டன் 1808இல் தஞ்சைப் பெரிய கோவில் கோபுரத்தில் கயிறு கட்டி ஏற்றினார். கயிறு அறுந்தது. கருவி கோபுரத்தில் மோதியது. எண்ணூறு வருடமாகக் கம்பீரமாக நின்ற கோபுரத்துக்கு அதெல்லாம் ஓர் அடியா? கருவிதான் கோணிப்போய், ஆறு வாரம் வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. துல்லியத்துக்கு அங்கே அந்தப் பாடு. இங்கே என்னவோ, ‘கடலோரத்திலிருந்து அறுபது’.

அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் மாதிரி தெரிகிறார் ஜேம்ஸ் லோ. சென்னைப் படையிலிருந்து வந்த கேப்டன், பிராவின்ஸ் வெல்லஸ்லியின் கண்காணிப்பாளர். சயாமிய மொழி கற்றார். சயாம், கம்போடியா, லாவோஸுக்கெல்லாம் படம் வரைந்தார். பினாங்கின் மண்ணையும் விவசாயத்தையும் பற்றி 1836இல் தடித்த புத்தகம் போட்டார். நெல் என்ன விளையும், தென்னை என்ன காய்க்கும், கரும்புக்கு எந்த மண் என்று இவர் எழுதியதைப் படித்தால் இந்த மனிதர் பசியோடே நடந்திருப்பாரோ என்று தோன்றும். 1834இல் செபராங் பிறை வடபகுதியில் இவர் கண்ணில் ஒரு கல் பட்டது. புத்தகுப்தன் என்ற மாலுமி, பயணம் நல்லபடியாக முடியட்டும் என்று ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் சமஸ்கிருதத்தில் வெட்டி வைத்த கல். கப்பல் விட்டு இறங்கியதும் பயத்தைக் கல்லில் எழுதிவைத்த முதல் இந்தியப் பயணி. ‘ரஜூலா’க் கப்பலின் கீழ்த்தட்டில் வாந்தியெடுத்துக்கொண்டே வந்த நம் தாத்தாக்களுக்கு அவர் மனநிலை புரிந்திருக்கும். கல் இப்போது கொல்கத்தா அருங்காட்சியகத்தில். அதுவும் கப்பலேறித்தான் போனது.

அதே வடபகுதியில் குவார் கெப்பாவில் பழைய மனிதர்கள் சிப்பி தின்று போட்ட ஓடுகள் மேடு மேடாகக் கிடந்தன. ஐயாயிரம் ஆண்டுக்கு முந்திய எச்சில். 1860இல் ஜார்ஜ் வின்ட்சர் ஏர்ல் துரை அதைத் தோண்டிப் பார்த்தபோது சுண்ணாம்பு சுடுகிறவர்கள் அவருக்கு முன்பே அங்கே தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். கற்காலத்தின் சாப்பாட்டு மிச்சம் சூளையில் வெந்து, சுண்ணாம்பாகி, யாரோ ஒருவருடைய சுவரில் ஏறிவிட்டது. பழைய கட்டடத்தில் காரை உதிர்ந்தால் இனிமேல் கொஞ்சம் மரியாதையோடு பெருக்குங்கள். நிலத்தின் முந்தைய பயன்பாடு என்ன என்ற கட்டத்தில் அந்த மேட்டுக்கு என்னவென்று எழுதுவது? ‘சாப்பாட்டுக் கடை, பிறகு சூளை’ என்றுதான்.

நடந்துவரும் சாலைக்கே ஒரு பூர்வீகம் உண்டு. பினாங்கில் சாலைகளும் வடிகால்களும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள் போட்டவை. வங்காளத்தான், பம்பாய்க்காரன், நம் சென்னை மாகாணத்தான், காலில் விலங்கோடு கல் சுமந்தார்கள். எண்பது வருடத்துக்குப் பக்கமாக இந்தத் திட்டம் நடந்தது. 1873இல் மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு ஏற்றிவிட்டார்கள். படங்களில் அவர்கள் போட்ட கோடு இருக்கிறது. கோட்டுக்குப் பெயர் மட்டும் யாராவது ஒரு துரையுடையது.

துரைப் பெயர் என்றதும் பட்டர்வொர்த்துக்கு வந்துதான் ஆக வேண்டும். பாகான் துவான் கெச்சில் என்று உள்ளூரார் சொல்லிவந்த படகுத்துறை, 1843 முதல் 1855 வரை கவர்னராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயரை ஏற்றுக்கொண்டது. இவரும் சென்னைப் படைக்காரர்தான். சிங்கப்பூரில் இவருடைய பந்தா தாங்காமல் ஆங்கிலேயர்களே முதுகுக்குப் பின்னால் ‘மகா வெண்ணெய்ப்பானை’ என்று கூப்பிட்டார்கள். மாநிலத்தின் பெரிய ரயில் நிலையம், பேரித் துறை, துறைமுகம் எல்லாம் இன்று ஒரு வெண்ணெய்ப்பானையின் பெயரில் நடக்கின்றன. நாட்டுப்புறத்தார் மட்டும் இன்றும் ‘பாகான்’ என்று சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாகான் லுவார், பாகான் ஆஜாம், பாகான் ஜெர்மால், பாகான் டாலாம் என்று வரிசையாக எங்கள் பக்கம் இத்தனை பாகான்கள் இருக்க, கவர்னர் ஒருவர் கூடுதலாக எதற்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் படங்களில் பிராவின்ஸ் வெல்லஸ்லி மெல்ல மெல்ல நிறைகிறது. வெறும் தாளாக இருந்த தெற்குப் பகுதியில் கரும்புத் தோட்டங்கள் முளைக்கின்றன. தியோச்சியூ சீனர்கள் முன்பே தொடங்கியிருந்தார்கள். 1840களில் ஐரோப்பியத் துரைமார் இறங்கினார்கள். தோட்டப் பெயர்களைப் படித்தால் நாம் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று மறந்துபோகும். கலிடோனியா, ஸ்காட்லாந்தின் லத்தீன் பெயர். பைராம், யார்க்ஷயரில் முதலாளி வீடு. மலாக்கோஃப், 1855இல் கிரிமியாப் போரில் பிரெஞ்சுக்காரர் பிடித்த ரஷ்யக் கோட்டை. ரஷ்யக் கோட்டை பெயருள்ள தோட்டத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஸ்காட்லாந்துக்காரனின் கங்காணியிடம் வேலை பார்த்தான். உலகமயம் என்கிறார்களே, இந்தக் காலத்துச் சமாச்சாரம் போல.

அந்தத் தோட்டங்களின் கரும்புக்கு ஆள் எங்கிருந்து வந்தது என்று எந்தப் படத்திலும் இல்லை. எந்த நிறத்திலும் பூசவில்லை. பிந்தைய படங்களில் சாலையோரம் சின்னச் சின்னச் செவ்வகங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அவை லயன் வீடுகள். துரை பங்களாவுக்குத் தனிக் குறி உண்டு, மேட்டில். தோட்டத்துக் கோவிலுக்கு எப்போதாவது ஒரு சின்ன அடையாளம் கிடைக்கும், அதுவும் அளவையாளர் அங்கே நிழலுக்கு ஒதுங்கியிருந்தால்! 1910இல் ஒப்பந்தக் கூலி முறையில் ஆள் எடுப்பதை நிறுத்தியபோது, கரும்பே போய் கித்தா வந்துகொண்டிருந்தது. படத்தில் பச்சை நிறம் மட்டும் கொஞ்சம் மாறும். செவ்வகங்கள் அதே இடம்.

இந்தக் களேபரத்தில் பாகான் டாலாம் எங்கே? அது நடுவில் இருக்கிறது. யாருக்கும் வேண்டாத நடு. 1890களில் கெல்லி துரை ஜார்ஜ் டவுனைக் கட்டடம் கட்டடமாக வரைந்து தள்ளினார். தஞ்சோங்கில் எந்தக் கடை எத்தனை அகலம் என்று இன்றும் அந்தத் தாள்களை வைத்துச் சண்டை போடலாம். எதிர்க்கரைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. வீட்டுவரி தராத சேற்றுக்கு அத்தனை மையை யார் செலவழிப்பார்?

பிறகு ரயில் வந்தது. வந்து, ஆற்றுக்குத் தென்கரையில், பிறையில் நின்றுகொண்டது. வடகரையில் பாகான் டாலாம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறையில் இறங்கினால் நீராவிப் படகில் தீவுக்குப் போக வேண்டும். அதற்காக ஜார்ஜ் டவுனில், கடிகாரக் கோபுரத்தோடு, தூண்களோடு, பிரமாதமான ரயில் நிலையம் ஒன்றைக் கட்டினார்கள். டிக்கெட் உண்டு, நிலைய அதிகாரி உண்டு. தண்டவாளம் மட்டும் கிடையாது. ரயிலே வராத அந்த நிலையம் இன்று சுங்க அலுவலகம். அங்கேயும் எல்லோரும் காத்துத்தான் இருக்கிறார்கள்.

ஆற்றைக் கடந்த கதை இன்னும் ருசி. ஆற்றடியில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சங்கிலி ஒன்று கிடக்கும். மிதவையில் வண்டியை ஏற்றிவிட்டு, எந்திரம் அந்தச் சங்கிலியைப் பிடித்து இழுத்து இழுத்து மிதவையை அக்கரை சேர்க்கும். சுக்கான் வேண்டாம், மாலுமி வேண்டாம், வழி தவறவும் வாய்ப்பில்லை. வந்த இடத்துக்கே திரும்பிப் போகிற ஒழுக்கமான வாகனம். பாலம் வந்து சங்கிலி போன பிறகும் ஆற்றோரச் சாலைக்கு ஜாலான் செயின் ஃபெரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. எல்லா வரைபடத்தையும் தோற்கடித்த வரைபடம் அந்தப் பெயர்ப்பலகைதான் என்பேன். தாளே இல்லாமல் நிலம் எதற்குப் பயன்பட்டது என்று பட்டென்று சொல்லிவிடுகிறது. 1967இல் ரயில் ஆற்றைத் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கு வந்தது. இப்போது பட்டர்வொர்த்தின் வெளிவட்டச் சாலை அதே ஆற்றை வானத்தில் கட்டிய வடங்களில் தொங்கிக்கொண்டு தாண்டுகிறது. அடியில் கிடந்த சங்கிலி மேலே ஏறியிருக்கிறது. கட்டணம் அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு.

1960களின் தாளைப் போட்டால் பழைய தாளோடு பொருந்தவே மறுக்கிறது. ஆழத்துறை மேடைகள் கடலுக்குள் நீள்கின்றன. அடுத்து கொள்கலன் முனையத்துக்காகக் கடலையே நிலமாக்கியிருக்கிறார்கள். பாகான் டாலாமில் கப்பல் பட்டறை. காலமெல்லாம் தீவுக்கும் கரைக்கும் அலைந்த பேரிகள் சீக்கு வந்தால் வந்து படுத்துக்கொள்ளும் இடம். இந்தக் காலத்தின் வேடிக்கை பிறையில் இருக்கிறது. மாநிலத்தில் கரும்பு ஒழிந்து அரை நூற்றாண்டு ஆனபின் 1964இல் சீனி ஆலை ஓடத் தொடங்கியது. வெளிநாட்டிலிருந்து கச்சாச் சீனி கப்பலில் வந்து இறங்கி, இங்கே வெளுத்து, நம் தே தாரேக்கில் விழுந்தது. கரும்பு இருந்த நூறு வருடமும் பாகான் டாலாம் பக்கம் சீண்டாத சீனி, கரும்பே இல்லாத காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வந்து குடியேறியது. லோ துரை எந்த மண் கரும்புக்கு ஆகும் என்று நாலு அத்தியாயம் எழுதியிருக்க வேண்டாம். எந்தக் கப்பல் எங்கே கட்டும் என்று ஒரு வரி போதும்.

அடுக்கி முடித்தபின் தடத்தின் மண் வரிசை இப்படித்தான் தெரிகிறது: அலையாத்தி, மீன் காயப்போட்ட பரண், நிப்பா, தென்னை, கொட்டகை, ஈய உலைப் பக்கத்துப் புகை, தண்டவாளம், துறைமுக வேலி, கொள்கலன் லோரி. இதில் ஒவ்வொன்றும் முந்தியதைக் கேட்காமல்தான் வந்தது. படம் வரைந்தவர்களில் ஒருவராவது அங்கே இருந்தவர்களிடம் ‘உங்கள் ஊருக்கு என்ன பெயர்’ என்பதற்கு மேல் ஏதாவது கேட்டிருந்தால், அலையாத்தி வேரை வெட்டினால் கரை கரையும் என்பதைச் சும்மாவே சொல்லியிருப்பார்கள். இப்போது அதற்கு ஆலோசகர் வைத்து அறிக்கை வாங்குகிறோம்.

கடைசித் தாள்தான் கிடைக்கவில்லை. 1798ஆம் ஆண்டுப் படத்தை எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்தே கணினியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். இன்றைய பாகான் டாலாமின் அரசாங்க நிலவரைபடத் தாளுக்கு மட்டும் ‘தெர்ஹாட்’, அதாவது ‘கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற முத்திரை. வேண்டுமென்றால் காரணம் எழுதி அளவைத் துறையிடம் அனுமதி கேட்க வேண்டும். தேசப் பாதுகாப்பாம். எதிரி கையில் சிக்கிவிடக் கூடாதாம். நியாயம்தான். போன தடவை கையில் படம் வைத்திருந்தவர்களை இங்கிருந்து கிளப்ப 1957 வரை ஆனது.